வலி வராத நாளில் பாட்டு

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நடந்த மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற தம்பிகள் முன்னால் வந்து தரையில் உட்காரலாம், காற்றாடிக்குக் கீழே இடம் இருக்கிறது.

அழைப்பிதழில் ‘ஒற்றைத் தலைவலியைக் குணமாக்கும் இசை’ என்று போட்டுவிட்டார்கள். போட்டவருக்கு நல்ல மனசு. ஆனால் அந்த மாதிரி ஒரு வாக்குறுதியை என்னால் தர முடியாது. நான் அரசாங்க மருத்துவமனையில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் சொல்கிறேன்: இந்த நோயில் இசைக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது வலி வந்த நேரத்து வேலை இல்லை, வலி வராத நாட்களின் வேலை. நம் வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? மருமகளுக்குத் தலை வலிக்கிறது. நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்துப் படுக்க வைக்கிறோம். அப்புறம் மாமியார், பாவம், அன்போடுதான், “மனசுக்கு நல்லதும்மா” என்று பக்திப் பாட்டைக் கூடத்தில் சத்தமாகப் போட்டுவிடுகிறார். உள்ளே படுத்திருக்கிறவள் எழுந்து அணைக்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. சாமி பாட்டாயிற்றே!

ஒற்றைத் தலைவலியை மருத்துவர்கள் அடையாளம் காண்கிற முறையிலேயே சத்தம் இருக்கிறது. பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம், துடிதுடித்து வலிக்கும். படி ஏறினால், குனிந்து நிமிர்ந்தால் கூடும். குமட்டும், சிலருக்கு வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்பு கண்ணில் வளைவு வளைவாக மின்னல் கோடுகள் தெரியும். உலகத்தில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். சாதாரணச் சத்தமே வலியாக மாறுகிற நேரத்தில் எந்த ராகத்தைப் போட்டாலும் காதுக்கு அது இன்னொரு சத்தம்தான்.

அப்படியானால் இசைக்கு எங்கே இடம்? அதற்கு இந்த மூளையைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும். இப்போது தலைக்கு மேலே காற்றாடி ஓடுகிறது. நான் சொன்ன பிறகுதான் உங்களில் பல பேருக்கு அதன் சத்தம் கேட்டிருக்கும். திரும்பத் திரும்ப வருகிற ஒன்றை மூளை பழகி ஒதுக்கிவிடும். ஒற்றைத் தலைவலி உள்ள பலருடைய மூளை, வலி இல்லாத நாட்களில்கூட, அப்படிச் சுலபமாகப் பழகிக்கொள்வதில்லை. ஒரே வெளிச்சத்தை, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து மூளையின் மின் அலைகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குப் போகப் போகக் குறைகிற அலை, இவர்களுக்குக் குறையாமல் நிற்கிறது, சில சமயம் கூடவும் செய்கிறது. “அவளுக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல்” என்று யாரையாவது சொல்லியிருந்தால் இனிமேல் கொஞ்சம் யோசியுங்கள்.

இப்படிப்பட்ட மூளைக்கு ஒழுங்கு மாறினால் ஆகாது. தூக்கம், சாப்பாடு, தண்ணீர், கோப்பி, கவலை, எது திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் வலி கிளம்பும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வாரம் இரவு, அடுத்த வாரம் பகல். உடம்பு எதை நம்பித் தூங்கும்? இன்னொன்றும் உண்டு. வாரம் முழுவதும் ஓடி ஓடி உழைக்கிறபோது ஒன்றும் வராது, ஓய்வு நாளன்று காலையில் வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். மன அழுத்தம் சட்டென்று இறங்குகிற நேரத்திலும் வலி வரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுக்கக்கூட வழியில்லாத தலைவலி!

தூக்கத்தையும் பதற்றத்தையும் ஒரு சீருக்குக் கொண்டுவருவதில்தான் இசை கைகொடுக்கும். ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். ஜெர்மனியில் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 8 முதல் 12 வயது வரையுள்ள, ஒற்றைத் தலைவலி இருந்த 58 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு மூலிகை வேர்ச் சாறு, இன்னொன்றுக்கு மருந்தே இல்லாத போலி மருந்து, மூன்றாவதற்கு இசைச் சிகிச்சை. 2008-இல் முடிவு வந்தது. சிகிச்சை முடிந்த உடனே பார்த்தபோது போலி மருந்தை முந்தியது இசைக் குழு மட்டும்தான். பல மாதம் கழித்துப் பார்த்தபோது மூலிகைக் குழுவும் முந்தியிருந்தது. அந்த மூலிகை ஈரலைப் பாதிக்கலாம் என்ற பயத்தால் பின்னால் மதிப்பிழந்தது, அது வேறு கதை. ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. மருந்தில் போலி கொடுக்கலாம், இசையில் போலி எப்படிக் கொடுப்பது? தனக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். 58 என்பதும் சின்னக் கூட்டம். அதனால் நம்பிக்கை தருகிற ஆய்வு என்பேன், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

பொதுவாக வலிக்கு இசை எவ்வளவு உதவும் என்று 51 ஆய்வுகளைச் சேர்த்து 2006-இல் கணக்குப் பார்த்தார்கள். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால், இசை குறைத்தது சராசரியாக அரைப் புள்ளி. அதில் பல வகை வலி, ஒற்றைத் தலைவலி மட்டும் இல்லை. அந்த அரைப் புள்ளிக்காக மருந்தைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு வேறொன்று. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவர் 24 பேருக்கு ஆறு வகை இசையைக் கேட்க வைத்து மூச்சையும் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தார். அதுவும் 2006-இல் வெளிவந்ததுதான். இந்தியச் சித்தார் ராகம் ஒன்றும் அந்த ஆறில் இருந்தது. எந்த வகைச் சங்கீதம் என்பதைவிட என்ன வேகம் என்பதுதான் உடம்பில் அதிகம் தெரிந்தது. வேகம் கூடினால் மூச்சும் துடிப்பும் கூடின. இசைக்கு நடுவே இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லாமல் சும்மா விட்டார். அந்த இரண்டு நிமிட மௌனத்தில்தான் உடம்பு அதிகமாக இளைப்பாறியது! பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டைப் போட ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சரி, ராகப் பட்டியலுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும். இந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு, அந்த ராகம் சர்க்கரைக்கு, இன்னொன்று தலைவலிக்கு. பாட்டுக்கும் நோய்க்கும் உறவு உண்டு என்ற நம்பிக்கை நமக்குப் புதிதில்லை. சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாடி வலி தீர்ந்தார் என்று பெரிய புராணம் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பதிகத்தின் பண் கொல்லி. அதற்காக வயிற்று வலிக்குக் கொல்லிப் பண் என்று யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை, அப்பர் பாடியது பக்தியால். இன்னொருவரையும் பாருங்கள், தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய இசை நூலை வெளியிட்டவர். தொழிலால் அவர் சித்த மருத்துவர், மருந்து செய்து விற்றவர். சுருதியை அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவருக்கும் மருந்துக் கடை தேவைப்பட்டது.

ஆகவே நீலாம்பரி ராகம் பிடித்தால் நீலாம்பரி கேளுங்கள். பிடிக்காவிட்டால் வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஆட்களைக் குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். ஆய்வாளர் தேர்ந்து கொடுத்த ‘அமைதியான’ இசையைவிட, அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டைக் கேட்டபோதுதான் கூடுதல் நேரம் தாங்கினார்கள். ஆகக் கடைசியில், மாமியார் தேர்ந்தெடுத்த பாட்டு மருமகளுக்கு வேலை செய்யாது. சிரிக்காதீர்கள், அறிவியல்தான் சொல்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். வீட்டில் பாட்டுக் கேட்பது நல்ல பழக்கம். இசைச் சிகிச்சை என்பது அதற்கென்று படித்தவர் நோயாளியோடு உட்கார்ந்து செய்கிற தொழில். அவர் பாடச் சொல்வார், மேளம் தட்டச் சொல்வார், வலியை ஒரு ஒலியாகக் காட்டச் சொல்வார். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அடிபட்டு வந்த சிப்பாய்களின் மருத்துவமனைகளில் இது வளர்ந்தது. 1950-இல் அங்கே இதற்கென்று தேசியச் சங்கமே வந்துவிட்டது. நான் இன்று சொல்வது வீட்டுப் பழக்கத்தைப் பற்றி மட்டும்.

அதை எப்படிச் செய்வது? தினமும் ஒரே நேரம், படுக்கப் போவதற்கு முன்னால் என்றால் நல்லது. இரவு ஷிப்டுக்காரர்கள் காலையில் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுச் செய்யலாம். மெதுவாகப் போகிற, தாளம் திடீரென்று எகிறாத ஒன்று, இருபது நிமிடம். வார்த்தை மனசை இழுத்துக்கொண்டு போனால் வீணையோ புல்லாங்குழலோ போதும், வெறும் தம்பூராவும் போதும். சத்தம் போனில் பாதிக்கும் கீழே. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். தளர்வுப் பயிற்சிக்கு ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதில் நல்ல ஆதாரம் இருக்கிறது, இசை அந்தப் பயிற்சியை நாள்தோறும் விடாமல் செய்ய வைக்கிறது. யூடியூப்பில் கேட்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கண் சொக்குகிற நேரத்தில் விளம்பரம் வந்து கத்தும். முன்கூட்டியே பதிவிறக்கி வைத்து, திரையைக் கவிழ்த்துப் போடுங்கள். பாட்டு முடிந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா கிடக்க வேண்டும், பெர்னார்டியின் இரண்டு நிமிடத்தை மறக்காதீர்கள். சில வாரம் விடாமல் செய்து, காலண்டரில் வலி வந்த நாளைச் சுழித்து வையுங்கள். பலன் இருக்கிறதா இல்லையா என்று அந்தச் சுழி சொல்லட்டும், நானோ வாட்ஸ்அப்போ சொல்ல வேண்டாம்.

அதே காலண்டரில் மாத்திரை போட்ட நாளையும் குறியுங்கள். இது பாட்டைவிட முக்கியம். பனடோல், பொன்ஸ்தான் மாதிரி சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையோ பல வலி மருந்து சேர்ந்த கலப்பு மாத்திரைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அந்த நிலைமைக்கு வந்தவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட்தான், கட்டணம். வலியைத் தடுக்கத் தினமும் எடுக்கிற மருந்துகள் தனியாக இருக்கின்றன. ஏற்கெனவே எடுக்கிறவர்கள் பாட்டை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள்.

வலி தொடங்கிவிட்டால்? டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தாமதிக்காமல் போட்டு, விளக்கை அணைத்து, டிவியை நிறுத்திப் படுங்கள். மெல்லிய ஒலி இதமாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் கேட்டால் போடுங்கள், கேட்காமல் போடாதீர்கள். திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, கை கால் மரத்துப்போவது, நாக்குக் குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வருகிற தலைவலி, இதெல்லாம் இன்றைய பேச்சுக்குள் வராது. நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முன்வரிசையிலிருந்து ஒரு அக்கா சீட்டு அனுப்பியிருக்கிறார். “வருஷா வருஷம் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போனால் வலி வந்துவிடுகிறது. முருகனுக்கு என்மேல் கோபமா?” கோபம் ஒன்றும் இல்லை, அக்கா. முந்தின இரவு தூக்கம் இல்லை, விரதத்தில் சாப்பாடும் கோப்பியும் இல்லை, மேலே வெயில், பக்கத்தில் உறுமி மேளம், பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி. யாருக்குத்தான் வராது? கோப்பியை விரதம் தொடங்குகிற அன்றே வெட்டாமல், சில நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தண்ணீர் குடிப்பதற்கு எந்த விரதத்திலும் தடை வைத்துக்கொள்ளாதீர்கள். விடியற்காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். மருந்துக் கடையில் நுரை காதடைப்பான் சில வெள்ளிக்குக் கிடைக்கும், கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். உறுமிக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களும் போட்டுக்கொண்டால் நல்லதுதான்.