பேராயர் மாறலாம், பாவ அறிக்கை மாறாது

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஸ்தோத்திரப் பண்டிகைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்திருக்கிற சபையாருக்கும் என் ஸ்தோத்திரம். திருநெல்வேலிச் சபையைத் தாங்கி நிற்பது பேராயர், குருமார் என்கிற தலைமையா, ஜெபப் புத்தகத்தில் எழுதி வைத்த ஆராதனை முறைமையா என்பது தலைப்பு. நான் முறைமையின் பக்கம். தலைமைதான் என்று பேசிய அண்ணாச்சி பேராயர் கால்டுவெல்லைச் சொன்னார், பேராயர் அசரியாவைச் சொன்னார், கடைசியில் "புத்தகம் எழுந்து போய் சீக்காளி வீட்டில் ஜெபிக்குமா?" என்று கேட்டு நல்ல கைதட்டும் வாங்கிவிட்டார்.

சரி, கால்டுவெல்லிலிருந்தே வருகிறேன். அவர் மிஷனெரியாக இடையன்குடிக்கு வந்தது 1841ல். மறு வருஷம், 1842ல், தமிழ் ஜெபப் புத்தகத்தைத் திருத்துகிற வேலையில் அவரும் இருக்கிறார். பேராயராக அபிஷேகம் பெற்றது எப்போது? 1877ல், கல்கத்தாவில், சார்ஜென்ட் என்ற மிஷனெரிக் குருவானவரோடு, நம் பேச்சில் சார்ஜென்ட் ஐயரோடு, சேர்த்து. அதாவது பேராயராக ஆவதற்கு 35 வருஷம் முன்னாலேயே அந்த மனிதர் இந்த ஜனங்கள் வாயில் என்ன ஜெபம் இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டிருக்கிறார். அண்ணாச்சி, உங்கள் சாட்சியே எங்கள் பக்கம்தான் நிற்கிறார்.

இன்னும் பின்னால் போவோம். பாளையங்கோட்டையில், இந்தச் சபையின் முதல் விசுவாசிகளில் ஒருவரான கிளாரிந்தா அம்மாள் ஞானஸ்நானம் பெற்றது 1778. அவர் கோயில் கட்டியது 1785. கிறிஸ்தவர்களுக்கென்று முதலூர் என்ற ஊர் உண்டானது 1799. திருநெல்வேலிக்கென்று இங்கேயே குடியிருந்த பேராயர்கள் வந்தது 1877ல், ஒரு பேராயரின் கீழுள்ள தனி வட்டாரம், அதாவது தனித் திருமண்டலம், ஆனது 1896ல். நடுவில் கிட்டத்தட்ட 100 வருஷம்! குருப்பட்டம் பெற்றவர்களே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்த காலம் அது. அப்போது தேரிக்காட்டில், பனங்காட்டு ஊர்களில், சாயங்காலம் மணி அடித்ததும் கூடிய ஜனங்களை யார் நடத்தினார்கள்? உபதேசியார், குருப்பட்டம் பெறாத கிராமத்து ஊழியர். அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது, பெரிய படிப்பும் கிடையாது, ஆனால் வேதமும் ஜெப முறைமையும் இருந்தன. எழுத்துத் தெரியாத ஆச்சிமார் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் பண்ணினார்கள். மனப்பாடமானது அவர்கள் சொத்து, அதை எந்த ஐயரும் மாற்றலாகிப் போகும்போது கூடவே எடுத்துக்கொண்டு போக முடியாது. சீக்காளி வீட்டுக்குப் புத்தகம் வராதுதான் அண்ணாச்சி. ஆனால் அந்த ஆச்சி போவாள், கட்டில் பக்கத்தில் நின்று, வாயில் இருப்பதைச் சொல்லி ஜெபிப்பாள்.

ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயரின் கதையை எதிரணி தொடவே இல்லை. 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர், ஊசிக்கோபுரம் இருக்கிற அந்தக் கோயில் 1826ல் எழும்பியது அவர் காலத்தில்தான், இந்தச் சீமையில் அவரைப் போல உழைத்தவர்கள் குறைவு. அவருக்கும் அவரை அனுப்பிய மிஷன் சங்கத்துக்கும் 1835ல் உறவு அறுந்தது, சபைகளும் உபதேசிமார்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். அவர் ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், ஜெபப் புத்தகத்தையும் விமரிசித்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பிளவின் வேர், குருப்பட்டம் கொடுக்க யாருக்கு உரிமை என்கிற கேள்வி. முழுக்க முழுக்கத் தலைமைப் பிரச்சினை! 1838ல் அவர் இறந்த பிறகு அவரோடு இருந்த ஊழியர்கள் பழைய மிஷனுக்கே திரும்பி வந்தார்கள்.

பேராயர் எப்படி, எந்த வழியில் வர வேண்டும் என்கிற அதே விவகாரம்தான் 1919ல் தரங்கம்பாடியில் ஆரம்பித்த, சபைகள் ஒன்றாக இணைகிற ஐக்கியப் பேச்சை 1947 செப்டம்பர் 27 வரை இழுத்தது. தென்னிந்தியத் திருச்சபை உண்டானதும் என்ன செய்தார்கள் பாருங்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று நாலு வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு 1950ல் ஒரே திருவிருந்து முறைமை வந்துவிட்டது. குருவானவர் மேசைக்குப் பின்னால் சபையைப் பார்த்து நிற்பதும், சமாதான வாழ்த்தைக் கையிலிருந்து கைக்குக் கடத்துவதும் அதிலிருந்து வந்தவைதான். கேரளத்துச் சிரியன் வழிபாட்டிலிருந்துகூட எடுத்தார்கள். வெளிநாட்டுச் சபைகள் தங்கள் முறைமையைத் திருத்தியபோது நம்முடையதை எடுத்துப் பார்த்தார்கள். தலைவர்கள் 28 வருஷம் பேசினார்கள், அந்த முறைமை நாலு கூட்டத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது.

இப்போதைக்கு வருவோம், கொஞ்சம் வலிக்கிற இடம் இது. திருமண்டலத் தேர்தல் வந்தால் அணி, அணிக்குள் அணி, அப்புறம் வழக்கு. அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு அணிக்காரரும் ஒரே பெஞ்சில் முழங்கால் போட்டு ஒரே பாவ அறிக்கையைச் சொல்லத்தான் வேண்டும். தனக்குப் பிடிக்காத பேராயருக்காகவும் ஜெபிக்கத்தான் வேண்டும். ஐயரும் "நாங்கள் பாவம் செய்தோம்" என்று நம்மோடு சேர்ந்துதான் சொல்கிறார், அதை அவர் தாண்டிப் போக முடியாது. பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று அன்றைக்கு உள்ள பாடத்தை வாசித்தாக வேண்டும், தனக்கு வசதியான வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எதிரியைத் தாக்க முடியாது. தலைமையிடமிருந்து ஏழைச் சபையைக் காப்பாற்றுகிற வேலியே இந்த முறைமைதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

முறைமையில் உயிர் இல்லை, இளைஞர்கள் வேறு கூட்டங்களுக்குப் போகிறார்கள் என்றார்கள் எதிரணியார். ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஐயர் வாசித்து முடித்தால் யாருக்குத்தான் மனம் ஒட்டும்? அது வாசிக்கிறவர் குறை. நிறுத்தி, அர்த்தத்தோடு, நடுவே வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைச் சபை முழுக்கப் பாட வைத்து நடத்திப் பாருங்கள், பிள்ளைகள் எங்கேயும் போக மாட்டார்கள்.

அசரியா மிச்சம் இருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்தவர், கிராமத்துக் குருவானவரின் மகன், 1912ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பேராயர், இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். இந்திய மிஷனெரி சங்கம் இங்கே உண்டானது 1903ல், அதில் முன்னால் நின்ற அசரியா அப்போது குருப்பட்டமே பெறாதவர். தலைவர் ஆவதற்கு முன்னால் அவரை வளர்த்தது எது? நம் ஊர்க் கோயில் மணியும், அதே ஆராதனையும்.

அடுத்துப் பேச வருகிற எதிரணித் தங்கச்சிக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். பேராயர் அபிஷேகத்தில், சபை முன்னால் அவரை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, வேதபுத்தகத்தைக் கையில் கொடுத்த பிறகுதானே அவர் பேராயர் ஆகிறார்? அந்த முறைமையை எடுத்துவிட்டால் உங்கள் தலைவர் யார் என்று சொல்லுங்கள்.