வியட்நாம் கம்போடியாவுக்குள் படையோடு போனது சரியா?

(திரையில்: இரு நாட்டு எல்லை வரைபடம்)

1978 டிசம்பர் 25. வியட்நாம் ராணுவம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு எல்லை தாண்டி கம்போடியாவுக்குள் இறங்குகிறது. இரண்டே வாரம்தான், 1979 ஜனவரி 7 அன்று தலைநகர் புனோம் பென் வீழ்ந்து போல் பாட் ஆட்சி முடிந்துவிடுகிறது. கம்போடியாவில் அந்த நாள் அரசு விடுமுறை. அதே நாளை அந்நிய ஆக்கிரமிப்பு தொடங்கிய நாள் என்று சொல்லும் கம்போடியர்களும் இருக்கிறார்கள்.

என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். உள்ளே போனது சரி. பத்து வருஷம் தங்கியதை அப்படிச் சொல்ல முடியாது.

(திரையில்: துவோல் ஸ்லெங், சிறையாக்கப்பட்ட பள்ளிக்கூடம்)

1975 ஏப்ரலில் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ், அதாவது போல் பாட்டின் கம்யூனிஸ்ட் இயக்கம், நகரங்களைக் காலி செய்து மக்களை வயலுக்குத் துரத்தியது, பணத்தையே ஒழித்தது. நாலு வருஷம் முடிவதற்குள் பசியிலும் நோயிலும் கொலையிலும் செத்தவர்கள் 15 முதல் 20 லட்சம் பேர், அதாவது ஐந்தில் ஒருவர். புனோம் பென்னுக்குள் போன வியட்நாம் புகைப்படக்காரர்கள் பிண நாற்றத்தைப் பின்தொடர்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்துச் சிறை அறைகளாக்கியிருந்தார்கள், இரும்புக் கட்டில்களில் சித்திரவதைப்பட்ட உடல்கள் அப்படியே கிடந்தன.

சரி, இவர்களைக் காப்பாற்றத்தான் வியட்நாம் போனதா? இல்லை. கெமர் ரூஜ் எல்லை தாண்டி வந்து வியட்நாம் கிராமங்களை அடித்துக்கொண்டே இருந்தது. 1978 ஏப்ரலில் பா சுக் என்ற ஊரில் மட்டும் 3,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. தற்காப்பு என்றுதான் வியட்நாமும் சொன்னது. உள்ளே நடந்த கொலைகளைப் பற்றி, எல்லைச் சண்டை முற்றும்வரை ஹனோய், அதாவது வியட்நாம் அரசு, வாய் திறக்காமல் இருந்ததும் உண்மை. நோக்கம் சுத்தமில்லை என்பவர்களோடு நான் சண்டை போடமாட்டேன். ஆனால் அந்தக் கட்டிலில் கட்டிப்போடப்பட்டவருக்கு, கதவை உடைப்பவன் எதற்காக வந்தான் என்பதா முக்கியம்? வேறு யாரும் வரவும் இல்லை.

பெரிய அண்டை நாடு உள்ளே புகுந்து ஆட்சியை மாற்றுவதை ஒருமுறை ஒத்துக்கொண்டால் நாளைக்கு நமக்கும் இதே கதி என்று சிங்கப்பூர் போன்ற சின்ன நாடுகள் பயந்தன. அந்தப் பயம் நியாயமானது. அதற்காக அவர்கள் ஆதரித்த தீர்வைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 1979 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 71 நாடுகள் ஓட்டுப் போட்டு, கம்போடியாவின் இருக்கையை விரட்டப்பட்ட போல் பாட் தரப்பிடமே விட்டுவைத்தன, அமெரிக்காவும் சீனாவும் உட்பட! அதே மாதம் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் அந்த இருக்கையைக் காலியாக வைத்தன. படையெடுப்பைக் கண்டிக்க அது போதாதா?

அப்புறம் அந்தப் பத்து வருஷம். ஹனோய் உட்கார வைத்த அரசு, கே-5 என்ற திட்டத்தில் சாதாரணக் கம்போடியர்களைத் தாய்லாந்து எல்லைக்கு அனுப்பிக் காடு வெட்டவும் தடுப்பு கட்டவும் வைத்தது. மலேரியாவிலும் கண்ணிவெடியிலும் ஏராளமானோர் செத்தார்கள். 'படை திரும்பியிருந்தால் போல் பாட் வந்திருப்பான்' என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சாவுகளுக்கு அது பதிலாகாது. 1989 செப்டம்பரில்தான் படை வெளியேறியது. அதுவரை நடந்ததற்கு வியட்நாம் பதில் சொல்ல வேண்டும். எல்லையில் கெமர் ரூஜுக்கு ஆயுதம் கொடுத்த சீனாவும், இடம் கொடுத்த தாய்லாந்தும்கூடத்தான்.