படுக்கை அலாரமும் பெட்டியின் மேல் அச்சிட்ட வாக்குறுதிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

“இரண்டே வாரங்களில் உலர்ந்த படுக்கை. 95 சதவீத வெற்றி. பலன் இல்லையேல் பணம் வாபஸ்.” இரவில் படுக்கையை நனைக்கும் குழந்தைகளுக்காக விற்கப்படும் அலாரம் கருவிகளின் விளம்பரங்கள் பல இந்தத் தொனியில்தான் இருக்கின்றன. குழந்தைநல மருத்துவர் என்ற முறையில் இந்த அலாரத்தைப் பல குடும்பங்களுக்கு நானே பரிந்துரைக்கிறேன். அது நல்ல கருவி. நல்ல கருவியை விற்பதற்கு ஏன் பொய் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கேள்வி. அந்தப் பொய்யால் அடிபடுவது குழந்தை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் சில அடிப்படை விவரங்கள். ஐந்து வயதில் ஏறக்குறைய 15 சதவீதக் குழந்தைகள் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். ஏழு வயதில் அது 5 முதல் 10 சதவீதமாகக் குறைகிறது. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஆண்டுதோறும் இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இது தானாக நின்றுவிடுகிறது. இந்த 15ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். சோம்பலோ பிடிவாதமோ இதற்குக் காரணமே இல்லை. பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் இருந்திருக்கும். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் சில குழந்தைகளுக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு குறைவு. பை நிறைந்த பிறகும் உறக்கம் கலையாதவர்கள் பலர். ஒரே குழந்தையிடம் இந்த மூன்றும் கலந்திருப்பதும் உண்டு.

அலாரம் நேற்று பிறந்த தொழில்நுட்பமும் அல்ல. 1904இல் பவுண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர், வார்டில் எந்தக் குழந்தையின் படுக்கை நனைந்திருக்கிறது என்று செவிலியர்கள் உடனே தெரிந்துகொள்ள ஒரு மணியை அமைத்தார். மணி செவிலியருக்காகத்தான் வைக்கப்பட்டது. ஆனால் அது ஒலித்த படுக்கைகளில் இருந்த குழந்தைகள் நனைப்பது குறைந்துவருவதை அவர் கவனித்தார். 1938இல் அமெரிக்க உளவியலாளர்களான மவுரர் தம்பதியர் இதை ஒரு சிகிச்சை முறையாக எழுதி வெளியிட்டார்கள். இன்றைய கருவியின் அடிப்படையும் அதுவேதான். உள்ளாடையிலோ விரிப்பிலோ இருக்கும் உணரியில் ஈரம் பட்டதும் மின்சுற்று இணைந்து ஒலி எழுகிறது. குழந்தை எழுந்து கழிப்பறைக்குப் போய், மீதியைக் கழித்துவிட்டு, துணி மாற்றிக்கொண்டு, அலாரத்தை மீண்டும் பொருத்திக்கொண்டு படுக்க வேண்டும். வாரக்கணக்கில் இது தொடரும்போது சில குழந்தைகள் ஒலிக்கு முன்பே விழித்துக்கொள்கிறார்கள். இன்னும் பலர் விழிக்காமலேயே விடியும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள்.

இது எவ்வளவு பலன் தருகிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2005இல் வெளியிட்ட தொகுப்பின்படி, அலாரம் பயன்படுத்தும் காலத்தில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளின் படுக்கை உலர்ந்துவிடுகிறது. அலாரத்தை விடாமல் பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அதை நிறுத்திய பிறகும் உலர்வாகவே நீடிக்கிறார்கள். சிகிச்சை எதுவும் பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய பலன். 2020இல் 74 ஆய்வுகளைச் சேர்த்து மறுபடி பார்த்தபோதும், சிகிச்சையின்றி இருப்பதைவிட அலாரம் உதவுவதாகவே தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றின் தரம் போதாது என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

அப்படியானால் 95 சதவீதம் எங்கிருந்து வருகிறது? அந்த எண்ணை வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. எண்ணும் விதத்தில் ஓர் ஏமாற்று வேலை செய்தாலே அது போன்ற எண் கிடைத்துவிடும். கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். நூறு குடும்பங்கள் கருவி வாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் எழுந்து எழுந்து களைத்துப்போய் நாற்பது குடும்பங்கள் பாதியில் விட்டுவிடுகின்றன. மிஞ்சிய அறுபதில் ஐம்பத்து நான்கு குழந்தைகளுக்குப் பலன் கிடைக்கிறது. விற்பவர் அறுபதை மட்டும் எண்ணி “90 சதவீத வெற்றி” என்று பெட்டியில் அச்சிடுகிறார். வாங்கிய நூறு பேரை வைத்துப் பார்த்தால் அது 54. அந்த ஐம்பத்து நான்கில் எத்தனை பேருக்கு ஆறு மாதத்தில் திரும்பி வந்தது என்று அவர் கேட்டதே இல்லை. நான் சொன்ன 15ஐ இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஓராண்டு காத்திருந்தால் தானாகவே சரியாகியிருக்கக்கூடிய குழந்தைகளும் இந்த வெற்றிக் கணக்கில் இருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாதபோது, வளர்ச்சியால் வந்த பலனைக் கருவியின் பலனாகக் காட்டுவது மிகவும் எளிது.

“வெற்றி” என்ற சொல்லுக்கும் வரையறை வேண்டும். குழந்தைகளின் சிறுநீர்க் கட்டுப்பாடு குறித்த சர்வதேச மருத்துவச் சங்கத்தின் அளவுகோலில், நனைந்த இரவுகள் பாதிக்கும் குறைவாகவே குறைந்திருந்தால் பலன் இல்லை என்று பொருள். பாதி முதல் 99 சதவீதம் வரை குறைந்திருந்தால் பகுதிப் பலன். ஒரு நாள்கூட நனையாமல் இருந்தால்தான் முழுப் பலன். நிறுத்தி ஆறு மாதம் கழித்தும், இரண்டு ஆண்டு கழித்தும் நிலைமை என்ன என்று அந்த அளவுகோல் கேட்கிறது. விளம்பரமோ “முன்னேற்றம் தெரிந்தது” என்று சொன்ன பெற்றோரையெல்லாம் ஒரே கூடையில் போட்டு வெற்றி என்கிறது.

எனக்கு மிகுந்த கோபம் தருவது அந்த “இரண்டு வார” வாக்குறுதிதான். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நான்கு வாரத்தில் தொடக்க அறிகுறிகள் ஏதேனும் தெரிகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது. அறிகுறி என்பது முழு உலர்வு அல்ல. நனைந்த இடம் சிறிதாகியிருக்கிறதா, அலாரம் முன்பைவிடத் தாமதமாக ஒலிக்கிறதா, ஒரே இரவில் ஒலிக்கும் தடவை குறைந்திருக்கிறதா, ஒலிக்குக் குழந்தை எழுகிறதா என்பவைதான் அறிகுறிகள். பலன் தெரிந்தால் தொடர்ந்து 14 இரவுகள் உலர்வாகக் கழியும்வரை விடாமல் பயன்படுத்த வேண்டும். மூன்று மாதம் ஆகியும் முழு உலர்வு வரவில்லையென்றால்தான் தொடர்வதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டும்.

இப்போது ஏழு வயதுக் குழந்தை ஒன்றின் நிலையில் இருந்து பாருங்கள். பெட்டியில் சிரிக்கும் பிள்ளையின் படம். பதினான்கு நாளில் சரியாகிவிடும் என்று அம்மா படித்துக் காட்டுகிறார். முதல் வாரம் முழுவதும் வீட்டில் எல்லாரும் எழுந்துகொள்கிறார்கள், குழந்தை மட்டும் எழவில்லை. தொடக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கும். பெரியவர் ஒருவர் போய்க் குழந்தையை முழுதாக விழிக்கச் செய்து அழைத்துப்போக வேண்டும். ஆனால் இந்த விவரம் விளம்பரத்தில் இல்லை. பதினைந்தாவது நாள் காலையில் விரிப்பு ஈரமாகவே இருக்கிறது. உண்மையில் நனைந்த இடம் பாதியாகச் சுருங்கியிருக்கலாம், சிகிச்சை வேலை செய்யத் தொடங்கியிருக்கலாம். அதைப் பார்க்கச் சொல்லி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 95 பேருக்குச் சரியாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை, அப்படியானால் என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அந்தக் குழந்தை முடிவு செய்கிறது. கருவி அலமாரிக்குப் போகிறது. இன்னும் ஆறு வாரம் தாங்கியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பலன் இப்படிக் கைவிட்டுப் போகிறது. இந்த நிலையில் என்னிடம் வரும் பெற்றோர் “அலாரமெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று டாக்டர், இவனுக்கு ஒத்துவரவில்லை” என்பார்கள். எத்தனை நாள் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் என்றுதான் வரும்.

பணம் வாபஸ் உத்தரவாதத்தையும் இந்தக் கால அளவோடு வைத்துப் பாருங்கள். உத்தரவாதக் காலம் 30 நாள் என்றால், முழுப் பலன் கிடைக்குமா இல்லையா என்று தெரிவதற்குள் அது முடிந்துவிடும். அப்படியே கேட்டாலும், உடலில் படும் பொருள் என்பதால் பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்ற வரி சில இடங்களில் சிறிய எழுத்தில் காத்திருக்கும். வாங்கும் முன்பே அதைத் தேடிப் படித்துவிடுங்கள்.

அடுத்தது அரசு அங்கீகாரம். “அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றது” என்ற வாசகத்தைப் பார்த்தால் அந்த நிர்வாகம் இந்தக் கருவியைச் சோதித்துச் சான்று அளித்திருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். அந்நாட்டு விதிகளில் படுக்கை அலாரம் இரண்டாம் வகைச் சாதனம், அதாவது நடுத்தர அபாயம் உள்ள சாதனம். விற்பனைக்கு முன் நிர்வாகத்திடம் விவரங்களைச் சமர்ப்பிக்கும் கடமையிலிருந்து அதற்கு விலக்கு உண்டு. தயாரிப்பாளர் தம் நிறுவனத்தைப் பதிவு செய்கிறார், அவ்வளவுதான். பதிவு எண்ணைக் காட்டி ஒப்புதல் கிடைத்தது போன்ற தோற்றத்தை உண்டாக்குவது தவறான முத்திரையிடல் என்று அதே விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. பதிவுக்கும் ஒப்புதலுக்கும் உள்ள தூரத்தை மறைத்து விற்பவரிடம் நான் வேறு எதையும் நம்பி வாங்க மாட்டேன்.

ஒப்பீட்டு அட்டவணைகள் இன்னொரு வலை. நடுநிலை விமர்சனம் போல ஐந்தாறு அலாரங்களை வரிசைப்படுத்தி, ஒன்றுக்கு மட்டும் முழு நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள். அட்டவணையைத் தயாரித்தவரே அந்த ஒன்றை விற்பவராக இருக்கலாம். தனக்குச் சொந்தமான விமர்சன மேடையைச் சுதந்திரமானதென்று காட்டிக்கொள்வதையும் போலி விமர்சனங்களையும் தடை செய்து அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் தனி விதியே கொண்டுவர வேண்டியிருந்தது. எல்லாச் சரக்குகளுக்கும் பொதுவான விதி அது. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, அக்கம்பக்கத்தில் எவரிடமும் கேட்க முடியாமல் இரவில் தனியாகத் தேடும் பெற்றோருக்கு இப்படிப்பட்ட பாதுகாப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவை.

எட்டு வகை ஒலி, அதிர்வு, கம்பியில்லா இணைப்பு, கைப்பேசிச் செயலி என்று வசதிகளை அடுக்கி விலையை ஏற்றுவதும் நடக்கிறது. செவித்திறன் குறைந்த குழந்தைக்கு அதிர்வு உதவும். அடுத்த அறையில் உறங்கும் பெற்றோருக்குக் கம்பியில்லா ஒலிபெருக்கி வசதி. ஆனால் சாதாரண அலாரங்களில் ஒரு வகை மற்றொன்றைவிடக் கூடுதலாகக் குணமாக்குகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை. ஈரம் பட்டதும் நம்பகமாக ஒலிக்க வேண்டும், வியர்வைக்கு ஒலிக்கக் கூடாது, குழந்தைக்கு உறுத்தக் கூடாது. இவைதான் முக்கியம்.

பயமுறுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆழ்ந்த உறக்கமே ஒரு நோய், அதைச் சரிசெய்யாவிட்டால் படிப்பும் எதிர்காலமும் பாழ் என்று சொல்லி, கருவியோடு சேர்த்து விலையுயர்ந்த பயிற்சித் திட்டத்தையும் தலையில் கட்டுவார்கள். மருந்தென்றாலே விஷம் என்றும் சொல்வார்கள். வாசோபிரசினைப் போலச் செயல்பட்டு இரவுச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மருந்தை எடுத்துக்கொண்டு நிறையத் தண்ணீரும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பது உண்மை. மூக்கில் தெளிக்கும் வடிவத்தைப் படுக்கை நனைத்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2007இல் அமெரிக்காவில் எச்சரிக்கையும் வந்தது. ஆனால் மருத்துவர் சொன்னபடி, இரவு நீரைக் கட்டுப்படுத்தி எடுக்கும் மாத்திரை பல குழந்தைகளுக்கு உதவுகிறது.

பெட்டியில் ஒருபோதும் இடம்பெறாத சில விஷயங்கள் உண்டு. மலச்சிக்கல் இருந்தால் நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதை முதலில் சரிசெய்யாமல் எந்த அலாரத்தைப் போட்டாலும் போராட்டம்தான். ஆறு மாதத்துக்கு மேல் உலர்வாக இருந்த குழந்தை திடீரென்று மறுபடி நனைக்கத் தொடங்கினாலோ, பகலிலும் நனைத்தாலோ, அடங்காத தாகமும் எடைக் குறைவும் இருந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது வலித்தாலோ, இரவில் பலமாகக் குறட்டை விட்டாலோ, கருவி வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தாகமும் எடைக் குறைவும் நீரிழிவாக இருக்கலாம், அதைக் காலம் கடத்தக் கூடாது.

விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். எத்தனை குழந்தைகள் தொடங்கினார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள், நிறுத்தி ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் உலர்வாக இருந்தார்கள்? இந்த மூன்று எண்களையும் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக, 14 இரவுகள் உலர்வாகக் கழிந்த பிறகு என்ன செய்வது என்று சொல்லிவிடுகிறேன். சில குழந்தைகளுக்கு, உறங்கப் போகும் முன் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் கொடுத்து, அலாரத்தோடு இன்னும் சில நாள் பழக்குவோம். மறுபடி நனைக்கும் வாய்ப்பை இது குறைக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் இதைச் செய்யுங்கள். டெஸ்மோபிரசின் எடுத்துக்கொள்ளும் குழந்தைக்கு இது கூடவே கூடாது. பிறகும் சில மாதங்கள் கருவியைப் பத்திரமாக வைத்திருங்கள். மறுபடி நனையத் தொடங்கினால் “மேம்படுத்திய புதிய மாடல்” விளம்பரம் உங்கள் கண்ணில் படும். அதை வாங்க வேண்டாம். பழைய கருவியையே எடுத்து, அதே முறையை மறுபடி தொடங்குங்கள்.

வணக்கம்.