சந்தைக்குள் கடைக்குக் கடை ஒரு கவளம்

நேயர்களுக்கு வணக்கம். காய்கறி வாங்கவும், மீன் வாங்கவும், ஓணம் நெருங்கும்போது ஏத்தங்குலை, அதாவது நேந்திரன் வாழைக்குலை வாங்கவும் சந்தைக்குப் போகாதவர்கள் நம் குமரி மாவட்டத்தில் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனால் சாப்பிடுவதற்கென்றே சந்தைக்குப் போகிறவர்களும் குறைவுதான். அந்தச் சிறு கூட்டத்தில் நான் நெடுங்காலமாக இருக்கிறேன் என்பதால், சந்தையின் கூரைக்கு அடியில் இருக்கும் சின்னச் சின்ன உணவுக் கடைகளைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள்.

வடசேரி, திங்கள்சந்தை, தக்கலை, கருங்கல், மார்த்தாண்டம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், தேங்காய் மூட்டைகளுக்கும் மரச்சீனி என்று நாம் சொல்லும் மரவள்ளிக்கிழங்குக் குவியலுக்கும் இடையில் ஒரு பெஞ்சு, ஓர் அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம் என்ற அளவில் இந்தக் கடைகள் இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் விடாமல் நனைக்கிற நம் ஊரில், கூரை உள்ள சந்தையில் சாப்பிடுவதற்குத் தனி வசதி உண்டு. வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டே வடையைக் கடிக்கலாம்.

இந்தக் கடைகளைப் பற்றி நான் சொல்ல வந்தது அடிப்படையில் ஒன்றுதான்: ஒரே கடையில் வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். உணவகம் என்பது ஒரே அடுக்களையில் நாற்பது பலகாரம் செய்யும் இடம். சந்தைக் கடையோ ஒரே பலகாரத்தை ஆண்டுக்கணக்காகச் செய்யும் இடம். புட்டுக் கடையில் புட்டு, கிழங்குக் கடையில் கிழங்கு. ஆகவே ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்வதுதான் முறை. இதை இந்த உரையில் மீண்டும் மீண்டும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கடைகள் நம்மை நினைத்துத் திறக்கப்பட்டவை அல்ல. விடியுமுன் லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற தொழிலாளர்களுக்காகவும், குலையும் கீரையும் கொண்டுவருகிற விவசாயிகளுக்காகவும், மீன் கூடையோடு வருகிற பெண்களுக்காகவும் திறக்கப்பட்டவை. அவர்களுடைய வேலை நேரம்தான் அடுப்பின் நேரம். இருட்டோடு வந்தால் பால் சேர்க்காத கட்டன் சாயாவும் சுக்குக் காப்பியும் கிடைக்கும். முதல் லாரியின் மூட்டைகளை இறக்கி முடித்த பிறகு புட்டு, சிறுபயறு, பப்படம். வெயில் ஏறி, உடம்பு சோறு கேட்கிற நேரத்துக்குச் சற்று முன்பாகக் கிழங்கும் மீன்கறியும். பிற்பகலில் எண்ணெய்ச் சட்டி ஏறும். காலையில் போய் ரசவடை கேட்பதும், மாலையில் போய்ப் புட்டு கேட்பதும் கடைக்காரருக்கு வேடிக்கையாக இருக்கும்.

கிழங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மரச்சீனி இந்த மண்ணில் தோன்றியது அல்ல, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் பகுதி திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆட்சி செய்த விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியை ஊக்குவித்தார். நஞ்சுக் கிழங்கு என்று அஞ்சிய மக்களை நம்பவைக்க, அரண்மனையிலேயே சமைத்துப் பரிமாறச் செய்தார் என்று ஒரு கதையும் வழங்கிவருகிறது. மக்களுடைய அச்சம் காரணமில்லாததும் அல்ல, ஏனெனில் கசப்பு வகைக் கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் உடம்புக்குக் கேடுதான். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிற வழக்கம் அதனால் வந்தது. பிறகு இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரத்து நின்றபோது, இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் பட்டினியைத் தடுத்தது இந்தக் கிழங்குதான். எங்கள் வீட்டில் என் பாட்டி கிழங்கைத் தின்னும்போது கடைசித் துண்டைக்கூட மீதி வைக்க மாட்டார்.

கிழங்குக் கடையில் வெந்த கிழங்கை அப்படியே துண்டாகவும் தருவார்கள், தேங்காயும் பச்சைமிளகாயும் சேர்த்து மயக்கியும், அதாவது மசித்தும் தருவார்கள். அதன்மேல் மீன்கறியை ஊற்றிவிடுவார்கள். சாளை மீனாக இருந்தால் விசேஷம். தேங்காயை வெண்ணெய்போல் அரைத்து, புளி கரைத்து, மாங்காயோ முருங்கைக்காயோ போட்டு வைத்த கறி அது. முதல்நாள் வைத்த கறிதான் மறுநாள் கிழங்குக்குப் பொருந்தும் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

வெளியூர் நண்பர் ஒருவரை ஒருமுறை இப்படிப்பட்ட கடைக்கு அழைத்துச் சென்றேன். கிழங்கையும் கறியையும் தனித்தனியாக வேண்டும், கரண்டியும் வேண்டும் என்றார் அவர். கடைக்கார அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கையால பிசைஞ்சு தின்னும் பிள்ளே, கரண்டிக்கு என்ன ருசி தெரியும்?" என்று சொல்லிக் கறியை மேலேயே ஊற்றிவிட்டார். நண்பர் மறுபேச்சுப் பேசாமல் பிசைந்தார். சிறிது நேரத்தில் இலை காலியாகிவிட்டது. இன்னொரு இலை கேட்டபோது அக்கா கொடுக்க மறுத்துவிட்டார். "வடை திங்காண்டாமா? பழம் திங்காண்டாமா? எல்லாத்தையும் எங்கிட்டயே தின்னா அவங்க அடுப்பு எப்பிடி எரியும்?" என்று கேட்டார். தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்டு, வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவைக்கிற கடைக்காரரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நான் தொடக்கத்தில் சொன்ன முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

மீன்கறி என்று சொல்லிவிட்டதால் ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரையும் உண்டு, மேற்குக் கடற்கரையும் உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆகவே கிழக்கே சின்னமுட்டத்து விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, மேற்கே குளச்சல் பக்கத்து விசைப்படகுகள் மே மாத இறுதிவரை கடலுக்குப் போகும். பின்னர் நிலைமை மாறிவிடும். ஜூன் முதல் இரண்டு வாரங்கள் இரு பக்கமும் தடைதான், அப்போது நாட்டுப்படகு மீன்தான் கதி. அந்த நாட்களில் கிழங்குக் கடையில் உட்காருமுன் "இன்னைக்கு என்ன மீன்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. நெத்தோலி என்று பதில் வந்தால் வருத்தப்பட வேண்டாம்.

இனி ரசவடை. நாகர்கோவில் பக்கத்தில் இதற்கு இருக்கும் மதிப்பு வெளியூரில் சொன்னால் புரியாது. வடை, ரசம் இரண்டும் நன்றாக இருந்தாலும் ரசவடை கெட்டுப்போகலாம். கொரகொரப்பாக அரைத்த பருப்பு வடைதான் இதற்கு ஏற்றது, அதன் இடுக்குகளில் ரசம் இறங்கினாலும் வடை உடையாமல் நிற்கும். ரசம் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், வடை சற்றே ஆறியிருக்க வேண்டும், ஊறிய நேரமும் அளவாக இருக்க வேண்டும். ஊறி ஊறிக் கூழாகிப்போன வடையைப் பரிமாறுகிற கடையும் உண்டு. அங்கே ஒன்றோடு நிறுத்திக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஒன்றோடு நிறுத்தியதால் நட்டமில்லை. இதற்காகத்தான் ஒரே கடையில் வயிற்றை நிரப்ப வேண்டாம் என்கிறேன்.

சுத்தம் எப்படி என்று கேட்பீர்கள். என் கண்ணில் முதலில் படுவது கூட்டம்தான், தொழிலாளர்கள் நிறைந்த கடையில் பண்டம் தேங்காது. அடுத்து எண்ணெயின் நிறம். கருத்துக் குழம்பிய எண்ணெய் என்றால் பழம்பஜ்ஜியை மறந்துவிட வேண்டியதுதான். மூன்றாவது, எதில் வைத்துத் தருகிறார்கள் என்பது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழை விளைகிற நம் மாவட்டத்தில் இலைத் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. சூடான வடையை அச்சிட்ட செய்தித்தாளில் சுற்றித் தந்தால், இலையில் தாருங்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். மை உடம்புக்கு ஆகாது.

கண்ணாடிக்கு அப்பால் கையசைக்கிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. வாழைப்பழத்துக்கென்று தனியாகவே நேரம் வைத்திருந்தேன், விரைவாகச் சொல்லி முடிக்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப் பழத்தைக் கடைசிக் கடையாக வைத்துக்கொள்ளுங்கள். சிறியது, மணமுள்ளது, எவ்வளவு தின்றிருந்தாலும் அதற்கு இடம் இருக்கும். செந்துளுவன் என்னும் செவ்வாழையை வீட்டுக்கு வாங்கிக்கொள்ளலாம். முந்திரிக்கொத்து என்ற இனிப்புப் பலகாரம் விற்கும் கடையில் அது என்று செய்தது என்று கேட்டு வாங்குங்கள். கிழங்குக் கடைக்கு மட்டும் சில்லறையோடு போங்கள், கறிக் கையால் கைப்பேசியைத் தொட முடியாது. இலைப்பணியாரத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை, அது எந்தக் கடையில் இருக்கிறது என்று கிழங்குக் கடை அக்காவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.