காரைக்குடியிலிருந்து புத்த கயாவுக்கு, நாகப்பட்டினம் வழியாக

விழாத் தலைவர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றப் பெருமக்களே, வேலை நேரத்துக்கு நடுவிலும் வந்திருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார்களே, நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, எல்லாருக்கும் வணக்கம். இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த குடும்பத்தாருக்கும், எனக்குச் சால்வை போர்த்திய தலைவர் ஐயாவுக்கும், உள்ளே இலை போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி.

ரயிலின் வரலாறு, புத்த யாத்திரை ரயில், நம் பக்கத்து ஸ்டேஷன்களின் நிலை என்று மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சரி, வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1853 ஏப்ரல் 16-ல் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் வண்டி. மூன்று வருஷம் கழித்து, 1856-ல், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னாட்டின் முதல் வண்டி. இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நம் ஆட்களுக்கு முக்கியமான வருஷம் 1914. அந்த வருஷம்தான் பாம்பன் பாலம் திறந்தார்கள். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. கொண்டுவிக்க, அதாவது சிலோனில் தொழில் நடத்தப் போனவர்கள் இந்த வழியில்தான் போனார்கள், வந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, அந்த வழியும் போனது.

அடுத்தது புத்த யாத்திரை. புத்தர் பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற புத்த கயா, முதல் உபதேசம் செய்த சாரநாத், பரிநிர்வாணம் அடைந்த குசிநகர், இந்த நாலு இடங்களையும் பார்க்கத்தான் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். 2007-ல் இதற்கென்றே மகாபரிநிர்வாண் எக்ஸ்பிரஸ் என்று ஒரு வண்டி விட்டார்கள். டெல்லி சஃப்தர்ஜங்கில் கிளம்பி எட்டு நாளில் கயா, வாரணாசி, நௌதன்வா, கோரக்பூர் என்று சுற்றி வரும். வண்டியிலேயே படுக்கை, வண்டியிலேயே சாப்பாடு, ஸ்டேஷனில் இறங்கினால் பஸ் நிற்கும், லும்பினிக்கு எல்லை தாண்டி நேபாளத்துக்குள் கூட்டிப்போவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் டெல்லியில் போய் ஏற வேண்டும். காரைக்குடிக்காரன் அதற்கே இரண்டு ராத்திரி ரயிலில் கழிக்க வேண்டும்.

நம்மவர்களுக்குக் காசி புதுசா? விசுவநாதருக்கு அன்றாடம் அங்கே நம் நகரத்தார் நடத்தும் நகரச் சத்திரத்திலிருந்து ‘சம்போ’ சொல்லிக்கொண்டு பூஜைச் சாமான் எடுத்துப் போகிறோம். அங்கிருந்து சாரநாத் பத்துக் கிலோமீட்டர்தான். எத்தனை பேர் போயிருக்கிறோம்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம் என்று எங்கள் அம்மா சொல்வார்கள். இந்தப் பேச்சில் அதை இன்னும் இரண்டு தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளவில் ஒரு ஆச்சி. மகனோடு காசி போய்விட்டு, கயாவில் திதி கொடுக்க ரயில் ஏறியிருக்கிறார்கள். பெட்டி முழுக்க வெள்ளைச் சேலை, வெள்ளை வேட்டி, சிலோன் யாத்திரிகர்கள். ஆச்சி சின்னப் பிள்ளையில் கண்டியில் இருந்தவர்கள், அவர்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே கடை. எதிர் சீட்டு அம்மாவைப் பார்த்து ‘கொஹோமத’ என்று சிங்களத்தில் நலம் கேட்டுவிட்டார்கள்! அவ்வளவுதான், பெட்டியே ஆச்சியைச் சுற்றிக்கொண்டது. ஆச்சி தூக்குச்சட்டியைத் திறந்து சீப்புச் சீடையும் மாவுருண்டையும் எடுத்து நீட்ட, அவர்கள் ஏதோ பணியாரத்தைக் கொடுக்க, மகன் மேல் பெர்த்தில் தூங்கவே முடியவில்லை. கயாவில் திதி முடிந்ததும் அந்தக் கூட்டத்தின் பஸ்ஸிலேயே ஆச்சியைப் புத்த கயாவுக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். போதி மரத்தடியில் எல்லாரும் ‘சாது, சாது’, அதாவது ‘நல்லது, நல்லது’ என்று சொல்ல, ஆச்சியும் கும்பிட்டு நின்றிருக்கிறார்கள். கண்டியில் அப்பச்சி கையைப் பிடித்து, புத்தரின் பல்லை வைத்து வணங்கும் தலதா மாளிகைக்குக் கூட்டிப்போனது ஞாபகம் வந்து அழுதுவிட்டார்களாம். அப்போது எதிர் சீட்டு அம்மா, அவர் பள்ளிக்கூட டீச்சர், கேட்டாராம்: ‘உங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கமா? அங்கே பெரிய விகாரை இருந்ததே, போயிருக்கிறீர்களா?’ ஆச்சிக்குப் பதில் தெரியவில்லை.

அந்த அம்மா கேட்டது சூடாமணி விகாரை என்ற பௌத்த மடத்தை. கடலுக்கு அப்பால் சுமத்ராப் பக்கம் இருந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் கட்டியது. முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேட்டை ஹாலந்தில் உள்ள லைடன் நகரத்தின் பெயரால் லைடன் செப்பேடு என்கிறார்கள். நாகப்பட்டினத்தில் மிஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரத்தை 1867-ல் இடித்தார்கள். 1856 முதல் மண்ணிலிருந்து கிடைத்த வெண்கலப் புத்தர்கள் சுமார் முந்நூற்றைம்பது. அவற்றில் பலவும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் பல்லவன் எக்ஸ்பிரஸ் போய் நிற்கிற அதே எழும்பூர்தான்! இறங்கி நடந்தே போகலாம். பல வருஷமாக ஏறி இறங்குகிறோம், உள்ளே போனதில்லை. வெண்ணெய் கையில், நெய்க்கு அலைச்சல்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன், இதற்காகத்தான் மைக் பிடித்தேன். காரைக்குடி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருவாரூர் தடம் மீட்டர் கேஜை எடுத்துவிட்டுப் பல வருஷம் மூடிக் கிடந்து, 2019-ல்தான் அகலப் பாதையில் முழுவதும் ஓட ஆரம்பித்தது. எர்ணாகுளம் வேளாங்கண்ணி வண்டி அதில் போகிறது. நமக்கு வேண்டியது தினமும் விடிகாலையில் காரைக்குடியில் கிளம்பி, நாகப்பட்டினம் போய், ராத்திரிக்குள் திரும்பும் ஒரு சாதாரண வண்டி. கூலிக்காரரும் காலேஜ் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அதில்தான் ஏறப்போகிறார்கள், யாத்திரிகர்கள் அதே வண்டியில் வரட்டும். நாகப்பட்டினம் ஸ்டேஷனில் விகாரையின் கதையைத் தமிழிலும் சிங்களத்திலும் பர்மிய மொழியிலும் எழுதிப் பெரிய பலகை வைக்கட்டும். 2021-ல் அறிவித்த பாரத் கௌரவ் திட்டத்தில் தனியாரும் வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றுலா நடத்தலாம். புத்த கயாவுக்கு ஒரு வண்டியை நாகப்பட்டினத்திலிருந்தே கிளப்பினால் என்ன? வெண்ணெய் நம் கையில் இருக்கும்போது டெல்லிக்குப் போய் ஏன் நெய் தேட வேண்டும்?

ஸ்டேஷன்களின் நிலை பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் ஐயா மணி அடித்துவிட்டார். மனு இரண்டாவது வரிசையிலிருந்து சுற்றி வருகிறது. கையெழுத்தோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள், திங்கட்கிழமை கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு நாங்கள் நேரில் எடுத்துப்போகிறோம், கூட வர விரும்புகிறவர்கள் ஸ்டேஷன் வாசலுக்குக் காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள்.