கிணறு தாங்கும் அளவுக்கே குடில்கள்

நேயர்களுக்கு வணக்கம். விளைநிலத்தின் ஒரு மூலையில் நான்கைந்து குடில்களைக் கட்டி, விடுமுறையில் வருவோருக்கு வாடகைக்கு விடுவதைப் பற்றி இப்போது ஒடுகத்தூர், அணைக்கட்டு, அமிர்தி என்று ஜவ்வாது மலையடிவாரத்து விவசாயிகள் பலரும் விசாரிக்கிறார்கள். ஏலகிரியில் பார்த்துப் பழகிய தொழில் நம் நிலத்துக்கும் ஒத்துவருமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வரும், ஆனால் இயற்கையோடு இயைந்த விடுதி என்று பலகை மாட்டுவதற்கு மூங்கில் வேலியும் காவி வண்ணச் சுவரும் போதுமென்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எத்தனை குடில்கள் கட்டலாம் என்பதைக் கையிலுள்ள பணமோ, முன்பதிவு செய்யக் காத்திருப்போரின் எண்ணிக்கையோ தீர்மானிக்கக் கூடாது. கிணறுதான் தீர்மானிக்க வேண்டும்.

வட ஆர்க்காட்டுப் பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இது குறைவான மழையல்ல. ஆனால் நம் காலடியில் பெரும்பாலும் கடினப் பாறையே இருப்பதால், மேலேயுள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் தங்கும் நீர் மட்டுமே கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் வந்து சேர்கிறது. ஐப்பசியில் கை எட்டும் உயரத்தில் நிற்கும் நீர், சித்திரையில் அடிப்பாறையைக் காட்டிவிடுவது இதனால்தான். ஆகவே கிணற்றின் பலத்தை மழைக்காலத்தில் அளக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் மாலையில் நன்றாக இறைத்துவிட்டு, மறுநாள் காலையில் எத்தனை அடி ஊறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 6 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி ஊற்று என்பது ஏறத்தாழ 8,600 லிட்டர். அதில் மாடுகளுக்கும் நிற்கும் பயிருக்கும் போக மிஞ்சுவதே விருந்தினருக்குரிய பங்கு.

நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். நான்கு குடில்களில் எட்டுப் பேர் தங்கினால் 1,080 லிட்டர் வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும் என்பதால், நான்கு குடில்களின் கூரையும் சேர்ந்து 160 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 900 மில்லிமீட்டர் மழையில் 1,44,000 லிட்டர் விழும். சிதறலுக்கும் ஆவியாவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும், எட்டுப் பேருக்கு மூன்றரை மாதத் தேவையை அந்தக் கூரைகளே தந்துவிடும். அவ்வளவையும் தேக்கத் தொட்டி கட்டுவது செலவு மிகுந்த வேலை. சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டும் தொட்டியில் பிடித்துக்கொண்டு, வழிவதைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகுழி வழியாகக் கிணற்றடிக்கு அனுப்பினால் போதும்.

நீச்சல் குளம் வேண்டுமென்று விருந்தினர் கேட்பார்கள் என்று இத்தொழிலில் இருப்பவர்கள் சொல்வதுண்டு. 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள சிறிய குளமே 48,000 லிட்டர் கொள்ளும். குளோரின் கலந்த அந்நீரைப் பயிருக்குப் பாய்ச்சவும் தயங்க வேண்டும். பம்புசெட்டுத் தொட்டியில் குளித்து வளர்ந்த நமக்கு இது எதற்கு? தொட்டியில் விழும் நீர் அப்படியே வாய்க்கால் வழியாக வாழைக்கோ கரும்புக்கோ போய்விடுகிறது. சோப்பு, ஷாம்பு போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையைக் கனிவாகவும் கண்டிப்பாகவும் சொல்லிவிட்டால், சென்னையிலிருந்து வரும் குழந்தைகள் அந்தத் தொட்டியை விட்டு எழுந்து வருவதே அரிது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விவசாய மோட்டாருக்கு அரசு தரும் இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டுமே உரியது. குடில்களின் தொட்டிக்கு நீரேற்றுவதற்குத் தனி இணைப்பு பெற்றுக் கட்டணம் செலுத்துவதே முறை.

வந்த நீரைப் போலவே போகும் நீரும் முக்கியம். கழிவுநீர் நிலத்தை என்ன செய்யும் என்பதைப் பாலாற்றுக் கரையில் உள்ளவர்களுக்கு வெளியார் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் உப்பேறிப் பாழானதைப் பற்றி இந்தப் பகுதிக் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான இழப்பைச் செலுத்த வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றது. நான்கு குடில்களின் சலவை நீர் அதனோடு ஒப்பிடத்தக்கதல்ல என்றாலும், சலவைத்தூளில் உள்ள சோடியம் நாளடைவில் களிமண்ணை இறுக்கிவிடும் என்பதால், ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அந்நீரைத் தேங்கவிடக் கூடாது. குளியல் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் கல்வாழையும் சேம்பும் நட்ட மணல் படுகை வழியாக வடித்து, மரங்களுக்கு மாற்றி மாற்றிப் பாய்ச்சலாம். கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறை நல்லது: ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி மற்றதைப் பயன்படுத்த, மூடிய குழியில் உள்ளது ஓரிரு ஆண்டுகளில் மக்கி உரமாகிவிடும். குழி, கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தொலைவிலும், தாழ்வான பக்கத்திலும் இருக்க வேண்டும். கழிப்பறையில் ஆசிட் ஊற்றினால் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்பதைத் துப்புரவு செய்பவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

அடுத்தது வெயில். வேலூர்க் கோடையில் ஏ.சி. இல்லாமல் யார் தங்குவார்கள் என்பது நியாயமான கேள்வி. 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஒற்றைக் காங்கிரீட் தளத்தின் கீழ் யாராலும் தூங்க முடியாது. எனவே கட்டும்போதே யோசிக்க வேண்டும். மேற்குச் சுவரில் பெரிய சன்னல் வைக்காமல், அந்தப் பக்கம் புங்கனும் வேம்பும் நட்டு, கூரைக்கு இரட்டை ஓடு வேய்ந்து, அல்லது தளமானால் வெள்ளைத் தட்டை ஓடுகள் பதித்து, மூன்று பக்கமும் ஆழமான தாழ்வாரம் விட்டால், வீட்டுக்குள் வெப்பம் நன்றாகத் தணியும். சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும், தூரிகையில்லா மோட்டார் பொருத்திய புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட்டை ஒட்டியே போதும். அப்படியும் பங்குனிக்குப் பிறகு வயதானவர்கள் ஏ.சி. கேட்டால், ஒரு குடிலில் மட்டும் வைத்து, அதற்குரிய மின்சாரத்தைக் கூரைச் சூரியத் தகட்டிலிருந்து எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. கொள்கைக்காக விருந்தினரை வியர்க்கவிடுவது விருந்தோம்பலாகாது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும், ஜவ்வாது மலைச் சாமையும், நம் கடலையும் கேழ்வரகும் இருக்கும்போது தட்டு நிறைவதற்குக் குறைவில்லை. ஆம்பூர் பிரியாணி கேட்காத விருந்தினரை நான் பார்த்ததில்லை. அதையும் ஒருநாள் போடலாம். ஐந்து மாடுகள் இருந்தால் நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் கிடைக்கும்; இரண்டு கன மீட்டர் சாண எரிவாயுக் கலத்துக்கு அது போதும், வெளிவரும் கரைசல் வயலுக்கு.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று பயணம். பெங்களூரிலிருந்து ஒரு கார் வந்து திரும்ப ஏறத்தாழ 420 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினாலும் 28 லிட்டர் பெட்ரோல், அதிலிருந்து 60 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. அறையில் ஒரு விளக்கை அணைத்துவிட்டு இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது சரியான கணக்காகாது. காட்பாடிச் சந்திப்பு தென்னக ரயில்வேயின் பெரிய நிலையங்களுள் ஒன்று. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் ஏராளம். நிலையத்திலிருந்து அழைத்துவருவதை வாடகையில் சேர்த்து, ரயிலில் வருவோருக்கும் மூன்று இரவுக்கு மேல் தங்குவோருக்கும் சலுகை தரலாம். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் ஊரில் தங்குகிறார்கள். சிகிச்சை முடிந்து, அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்கும் இடைவெளியில் அமைதியான ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்படலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும்.

இரவு விளக்குகளையும் அடக்கமாக வையுங்கள். காவலூரில் வானோக்காய்வகம் அமைந்ததற்கு ஜவ்வாது மலையின் இருண்ட வானமும் ஒரு காரணம். நடைபாதைக்குக் கீழ்நோக்கிய மங்கலான மஞ்சள் விளக்கே போதும்.

கிணற்று ஊற்று தேவைக்குக் கீழே இறங்கும் ஆண்டில், சித்திரை தொடங்கும் முன்பே நான்கில் இரண்டு குடில்களைப் பூட்டிவிட வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கி ஓட்டலாம் என்று தோன்றும். அந்த லாரி நிரம்புவதும் பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்துதான். முன்பதிவு வாங்கும்போதே இதைச் சொல்லி, கோடை மாதங்களுக்கு முன்பணம் பெறாமல் இருந்தால், பூட்டும்போது யாருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிராது. வணக்கம்.