உளவியல் பட்டம் போட்ட காசைத் திருப்பித் தருமா?

[திரை: ஒரு வெள்ளைத் தாள், பேனா]

உளவியல் இளங்கலையில் சேரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "பிடித்திருந்தால் படி." இன்னொன்று, "அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" முதல் பதிலில் கணக்கே இல்லை. இரண்டாவதில் கணக்கு இருப்பதுபோல் ஒரு தொனி மட்டும் இருக்கிறது. அதனால் இந்த வீடியோவில் தாளை எடுத்துப் போட்டே பார்த்துவிடலாம். ஆர்வம், மனநிறைவு எல்லாம் உண்மைதான். இன்றைக்கு அவற்றை ஓரமாக வைத்துவிட்டுக் காசை மட்டும் பார்ப்போம்.

எந்த நாட்டுப் பணமும் வேண்டாம். பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போகிறவரின் ஆண்டு வருமானம் 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூன்று ஆண்டு கல்லூரியில் இருந்தால், அந்த 300 உங்கள் கைக்கு வராது. இதைத்தான் முக்கால்வாசிப் பேர் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டணம், புத்தகம் எல்லாம் ஆண்டுக்கு 40 என்றால் இன்னொரு 120. ஆக, பட்டத்தின் விலை 420.

[திரை: 300 + 120 = 420]

அப்புறம் வரவு. பட்டம் வாங்கியதால் ஆண்டுக்கு 25 கூடுதலாகக் கிடைக்கிறது என்று வைப்போம். 420ஐ 25ஆல் வகுத்தால், ஏறக்குறைய 17 ஆண்டில் போட்டது கைக்கு வந்துவிடும். பரவாயில்லையே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இன்றைக்குக் கையில் இருக்கிற 25ம், பத்து வருடம் கழித்து வரப்போகிற 25ம் ஒன்றல்ல. கல்விக் கடன் வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்துக்கொண்டே போனால், பத்தாவது ஆண்டின் 25 இன்றைய மதிப்பில் சுமார் 15தான். முப்பதாவது ஆண்டின் 25, ஆறுகூடத் தேறாது. எளிமைக்காக 420ம் பட்டம் வாங்கும் நாளில் மொத்தமாகச் செலவானதாக வைத்து, இந்தக் கழிவோடு திரும்பக் கணக்குப் போடுங்கள். 17 ஆண்டு, 38 ஆண்டு ஆகிவிடுகிறது. கிட்டத்தட்ட ஓய்வு பெறும் வயது.

[திரை: 17 என்ற எண் அழிந்து 38 ஆகிறது]

இளங்கலையே நான்கு ஆண்டு என்று இருக்கிற இடமானால்? செலவு 560. வரவில் எல்லா ஆண்டுகளையும், முடிவே இல்லாமல், கழிவோடு கூட்டிக்கொண்டே போனாலும் மொத்தம் 500ஐத் தாண்டாது. அதாவது போட்ட காசு திரும்புவதே இல்லை. ஒரே ஒரு ஆண்டுதான் கூடியது!

இந்த 25 நான் போட்டுக்கொண்ட எண். அனுபவம் ஏற ஏற, பட்டம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் உள்ள இடைவெளி பொதுவாக விரியும். அதனால் உண்மை நிலவரம் இவ்வளவு மோசமாக இருக்கத் தேவையில்லை. ஆனாலும் முழுக் கணக்கும் அந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் நகர முடியாது.

கல்லூரி விளம்பரங்களில் வருகிற சராசரிச் சம்பளத்தை முதலில் சந்தேகப்படுங்கள். "உளவியல் படித்தவர்களின் சராசரி" என்பதற்குள் முதுநிலை முடித்தவர்களும் முனைவர் பட்டக்காரர்களும் உட்கார்ந்திருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது, இளங்கலையோடு நிறுத்தியவர்களின் இடைநிலைச் சம்பளம். அதாவது எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்லூரிக்குப் போகிறவர்களில் பலர் போகாமலே இருந்தாலும் 100க்கு மேல் சம்பாதித்திருப்பார்கள். அந்தப் பங்கைப் பட்டத்தின் கணக்கில் எழுதக் கூடாது. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை இதே பக்கத்திலிருந்து வேறொன்றைக் கேட்டது. படிப்பு ஒருவரின் திறனைக் கூட்டுகிறதா, இல்லை ஏற்கெனவே இருக்கிற திறனை முதலாளிக்குக் காட்டும் அடையாளமா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பது என் எண்ணம். ஆனால் அடையாளம் எல்லோர் கையிலும் இருந்தால் அதற்கு விலை குறையும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உளவியல் இளங்கலை முடிக்கிறார்கள்.

சரி, உளவியலுக்கே உரிய பிரச்சினைக்கு வருவோம். பொறியியலிலோ செவிலியத்திலோ இளங்கலை முடித்தாலே தொழிலின் வாசலுக்கு வந்துவிடலாம். உளவியலில் அது பாதிப் பாலம். பெரும்பாலானோர் மனதில் இருப்பது, எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் துயரைக் கேட்டு வழிகாட்டும் அந்த வேலை. அதை 'உளவியலாளர்' என்ற பெயரில் சுயமாகச் செய்ய அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டமும் உரிமமும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் உளவியலாளராகப் பதிவு பெறக் குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பும் பயிற்சியும். பிரிட்டனில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்ற பட்டப்பெயரையே பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது, சட்டம் தடுக்கிறது.

அதனால் தாளில் ஒரு கணக்கு போதாது, இரண்டு வேண்டும். இளங்கலையோடு நிறுத்தினால் என்ன, மேலே போனால் என்ன. மேலே போகிறவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் உளவியல் பி.எச்டி. இடங்கள் பலவற்றில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தருவார்கள். அதே துறையில் சைடி (Psy.D.) என்ற தொழில்சார் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் போகும். இரண்டு பேருக்கும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' வரும். கடன் ஒருவருக்குத்தான் வரும்.

மேலே போகப் போவதில்லை என்றால்? அப்போது 25ஐ 40 ஆக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 40 ஆனால், அதே 420ஐக் கழிவோடு மீட்க ஏறக்குறைய 15 ஆண்டு போதும். 38 எங்கே, 15 எங்கே!

இதற்கான சரக்கு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, அதுவும் மாணவர்கள் முகம் சுளிக்கிற தாள்களில்: புள்ளியியல், ஆய்வு முறைகள், உளவியல் அளவீடு. மனிதர்களைப் படிக்கலாம் என்று வந்தவர் முன் முதல் வருடமே, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிற டி-டெஸ்ட் அட்டவணையை நீட்டினால் கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வேலைச் சந்தையில் காசாகிற பகுதி அதுதான்.

[திரை: இரண்டு ரெசியூம் வரிகள், ஒன்றன் கீழ் ஒன்று]

மேல் வரியைப் படியுங்கள்: "உளவியல் இளங்கலை. மனித நடத்தையில் ஆழ்ந்த ஆர்வம்." கீழ் வரி: "180 பேரிடம் கேள்வித்தாள் நடத்தினேன். புரியாமல் போன மூன்று கேள்விகளைச் சோதனைச் சுற்றில் கண்டுபிடித்து மாற்றினேன். தரவை ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் அலசினேன்." இரண்டும் ஒரே ஆள், ஒரே இறுதியாண்டு ப்ராஜெக்ட். மேல் வரியைப் பார்க்கிற ஹெச்.ஆர். அடுத்த தாளுக்குப் போய்விடுவார். கீழ் வரியில், "புரியவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்கத் தோன்றும். பேச்சு அங்கே தொடங்கும். சந்தை ஆய்வு, பயனர் ஆய்வு, பணியாளர் தேர்வு, கணக்கெடுப்பு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் வேண்டிய ஆள் அந்தக் கீழ் வரிக்காரர்தான். ஆர் இலவசம், கற்க ஒரு பைசா செலவில்லை. கேள்வி எழுதத் தெரிவது அதைவிட அரிது. "எங்கள் சேவை விரைவாகவும் மலிவாகவும் இருந்ததா?" என்று ஒரே கேள்வியில் இரண்டைக் கேட்டுவிட்டு, வந்த பதிலை வைத்துத் திணறுகிற நிறுவனங்கள் ஏராளம்.

கடைசியாக, ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு. இரண்டு ஆண்டு போயிற்று, மனம் விட்டுப்போயிற்று. நிறுத்துவதா, முடிப்பதா?

இதற்கு உளவியலே ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறது. 1985இல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாடகப் பருவச் சீட்டுகளைச் சிலருக்கு முழு விலையிலும், சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் ஒன்றுதான், கொடுத்த காசுதான் வேறு. போன காசுக்காக எதையும் தொடராதே என்பது இதன் பாடம்.

இதைக் கேட்டதும் உடனே படிப்பை விட்டுவிடாதீர்கள்! போன 280ஐ அடித்துவிடுங்கள், அது எந்தப் பக்கத்திலும் வரக் கூடாது. மீதி ஒரு ஆண்டின் செலவு 140. சம்பள உயர்வில் பெரும்பங்கு சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் கிடைக்கும், இரண்டு ஆண்டு படித்ததற்குப் பாதிச் சம்பளம் கூட்டித் தர மாட்டார்கள். ஆக 140 போட்டால் ஆண்டுக்கு 25. 5 சதவீதக் கழிவோடு ஏழு ஆண்டுக்குள் காசு திரும்புகிறது. சேரும் முன் 38 ஆண்டு கேட்ட அதே பட்டம்தான் இது.

[திரை: தாளில் 25 என்ற எண்ணைச் சுற்றி வட்டம்]

இப்போது உங்கள் தாளில் அந்த 25ஐ அடித்துவிடுங்கள். உங்கள் கல்லூரியில் மூன்று ஆண்டுக்கு முன் முடித்து, மேலே படிக்காமல் வேலைக்குப் போன ஐந்து பேரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அவர்கள் சொல்கிற எண்களில் நடுவில் நிற்பது எதுவோ, அதிலிருந்து, படிக்காமல் போயிருந்தால் நீங்கள் சம்பாதித்திருக்கக் கூடியதைக் கழித்து, மிஞ்சுவதை அங்கே எழுதுங்கள்.